உள்ளூர் வண்டி

ஆறு மணி ஷிப்டுக்கு
நாலரைக்கே எழுந்துவிடுவேன்.
விரல்கள் என்னோடு எழாது.
வெந்நீர்ச் சொம்பை இரு கையாலும் அணைத்தபடி
ஒவ்வொன்றாக வரக் காத்திருப்பேன்.
கட்டை விரல் முதலில்.
மோதிர விரல் சில நாள் வருவதே இல்லை.

கிருஷ்ணகிரி சுங்கச்சாவடி, ஐந்தாவது தடம்.
கம்பு தானே ஏறும், தானே இறங்கும்.
ஸ்டிக்கரைப் படிக்காமல் மெஷின் முரண்டு பிடித்தால் மட்டும்
கூண்டுக்குள் நான் இருப்பது
மற்றவர்க்குத் தெரியவரும்.

வெளியாள் என்று நினைத்துவிட்டன, என்றார் டாக்டர் மெஹருன்னிசா.
உன் காவல் அணுக்கள். உன் மூட்டையே.
முப்பத்தியோரு வருஷமாய் இங்கேயே கிடக்கும் மூட்டையா?
ஆமாம் என்று ரிப்போர்ட்டை மடித்தார்.

வேலியே பயிரை மேய்ந்த கதை, என்றார் அப்பா.
இல்லை.
மேய்கிற வேலிக்குப் பசியாவது இருக்கும்.
இதற்குப் பசி இல்லை, பகை இல்லை.
கடமையைச் செய்கிறேன் என்றே
நம்பிக்கொண்டிருக்கிறது.

மாத்திரை ஆரம்பித்த மாதம்
எல்லாத் தடமும் திறந்து கிடந்தது.
வலி போனது. முகம் பூரியாய் உப்பியது.
பங்குனியில் விலாவைச் சுற்றி அக்கி.
கேட்டில் ஆளே இல்லையென்றால்
யார்தான் வரமாட்டார்கள்.

ஆனி பிறந்ததும் மாங்காய் லோடுகள்.
காவேரிப்பட்டணத்திலிருந்து திம்மராயன் டெம்போ,
டிஎன் 24, கிளிமூக்கு மாங்காய், கூழ் ஃபேக்டரிக்கு.
நேற்றும் போனது, முந்தாநாளும் போனது.
இன்று மெஷின் சொல்கிறது: கறுப்புப் பட்டியல்.
பின்னால் பதினாலு வண்டி ஹாரன்.
திம்மராயன் இறங்கி வந்து என் கண்ணாடியைத் தட்டுகிறார்,
என் முகம் தெரியலையாம்மா உனக்கு?
எனக்குத் தெரிகிறது. கம்புக்குத் தெரியவில்லை.

அப்போது வந்தார் சூப்பர்வைசர் ருத்ரப்பன்.
கையில் தடி இல்லை. விசில்கூட ஊதவில்லை.
குனிந்து டிரைவர் சீட்டைப் பார்த்தார்.
உள்ளங்கையைக் கம்புக்கு அடியில் கொடுத்து
நம்ம வண்டிதான், உடு, என்றார்.

அடுத்த முறை போனபோது டாக்டரிடம் இதைச் சொன்னேன்.
நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.
நெஞ்செலும்புக்குப் பின்னால் தைமஸ் என்று ஒன்று.
இது நம்முடையது, தொடாதே என்று
அணுக்களுக்கு அங்கேதான் பாடம்.
தேறாததை அங்கேயே முடித்துவிடுவார்கள்.
தப்பி வெளியே வந்ததை அடக்க
உடம்பில் ருத்ரப்பன்களும் உண்டு.
போதும், விடு என்பது மட்டுமே அவர்கள் வேலை.
உனக்கு அவர்கள் குறைவு,
அல்லது இருந்தும் பேச்சு எடுபடவில்லை.

ரத்தத்திலிருந்து அவர்களைப் பிரித்து, வளர்த்து,
பெருக்கித் திரும்ப ஏற்றிப் பார்க்கிறார்களாம்.
இங்கே இல்லை. இப்போதும் இல்லை.
எத்தனை பேர் வேண்டியிருக்கும்?
கோடிக்கணக்கில்.
நான் சிரித்துவிட்டேன். ஒரு ருத்ரப்பனுக்கே
டீ வாங்கிக் கொடுத்து மாளவில்லை.

ஆனால் ஒன்று சொல்லவேண்டும்.
போன வாரம் ராத்திரி
சீட்டு இல்லாத கிரானைட் லாரிக்கும்
அதே உள்ளங்கை கம்பைத் தூக்கியது.
வேண்டியவர் வண்டி. பார்த்தும் பார்க்காமல் இருந்தேன்.
அதையும் கேட்டேன். விடு விடு என்றே சொன்னால் என்னாகும்?
டாக்டர் பேனா மூடியைத் திருகிக்கொண்டே இருந்தார்.
அப்போது புற்றும் வரும்,
நானும் உள்ளூர்தான் என்று.

யாரை நிறுத்துவது, யாரை விடுவது.
எட்டு மணி நேரம் அதே வேலை பார்த்துவிட்டு
பர்கூர் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தால்
வீங்கிய முட்டியில் பேனாவால்
ஒரு நம்பர் எழுதிவைக்கலாமா என்றிருக்கும்.

இன்று மோதிர விரல்
ஐந்து மணிக்கே வந்து நின்றது.
எங்கிருந்து, ஏன் என்று கேட்கவில்லை.
ரசீது போடாமல்
விட்டுவிட்டேன்.